மேகத்தைக் குறைக்க மாட்டேன்

புறங்கையைக் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல்தகட்டில் வைத்து ஒரு கணம் கண்ணை மூடுகிறார் சண்முகசுந்தரி. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி இருக்கிறது. "கொதி ஏறிட்டு," என்கிறார். அதற்குப் பிறகுதான் திரையின் மூலையில் ஓடும் வெப்பநிலை எண்ணைப் பார்க்கிறார். கையும் எண்ணும் ஒத்துப்போனால் ஒரு தலையசைப்பு. ஒத்துப்போகாவிட்டால் எண்ணைத்தான் சந்தேகப்படுவார்.

தூத்துக்குடி முத்தையாபுரத்தில் உப்பளங்களைப் பார்த்துப் போகிற சாலையில் இருக்கிறது அவருடைய மாவு மில். முன்பக்கம் மில், பின்பக்கம் வீடு. ஐம்பதை நெருங்குகிறவர். சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. புருவம், காதுமடல், மூக்குத்தியின் கல் எல்லாவற்றிலும் மாவு. கழுத்தில் மைக் வைத்த ஹெட்போன் ஒன்று எப்போதும் தொங்கும். மில் சத்தத்துக்குப் போட்டிருக்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அடுத்த தெருவில் குடிவந்து, மிளகாய் அரைக்கப் போன முதல் நாளில் விசாரித்தபோது, "பிளேன் ஓட்டுததுக்கு அண்ணாச்சி," என்றார். சிரிக்கவில்லை. அளந்த மிளகாயைத் தொட்டியில் கொட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

கம்ப்யூட்டரில்தான் ஓட்டுகிறார். விமானிகள் பழகுவதற்காக உண்டானது அந்த சிமுலேட்டர். இப்போது வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. நிஜ ஊர்கள், நிஜ ஓடுபாதைகள், அன்றைய நிஜக் காற்றும் மேகமும் அதில் உண்டு. மேசைமேல் ஜாய்ஸ்டிக் என்கிற திருகுகோல், காலடியில் பெடல்கள். "கேம் வெளாடுதியளா மதினி?" என்று தெருப்பெண்கள் கேட்டால் ஒரே பதில்தான். "வெளாடல. ஓட்டுதேன்."

எல்லாவற்றுக்கும் தொடக்கம் அவருடைய கணவர் செந்தூர்வேலின் நெஞ்சுவலி. சென்னையில் அறுவை சிகிச்சை முடிந்தபோது, ரயிலில் நெடுநேரம் உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் விமானத்தில் ஏறினார்கள். இருவருக்கும் அதுதான் முதல் தடவை. விமானம் எழும்பியதும் ஒலிபெருக்கியில் பேசியது ஒரு பெண்ணின் குரல். பணிப்பெண் யாரோ பேசுகிறாள் என்று நினைத்தார் சுந்தரி. பிறகுதான் அந்தக் குரல் தன்னைக் கேப்டன் என்று சொன்னது அவருக்கு உறைத்தது. கணவரை உலுக்கினார்.

"ஏங்க, பொம்பளைலா ஓட்டுதா!"

கண்ணை இறுக மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த செந்தூர்வேல், "யாரு ஓட்டுனா என்னளா, எறக்கி விட்டாச் சரி," என்றாராம்.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் இறங்கிய பிறகு சுந்தரி விமானத்தின் வாசலைத் தாண்டவில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றுகொண்டார். நகரச் சொன்னார்கள். "வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது," என்று ஒரு பொய் சொல்லிவிட்டு நின்றார். கடைசியில் விமானி அறையின் கதவு திறந்தது. கொண்டை போட்ட ஒரு சின்னப் பெண் பாட்டிலிலிருந்து அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "வேற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. என்னைய மாதிரி ரெண்டு கைதான் இருந்துச்சு," என்று என்னிடம் சொன்னார்.

அந்த வாரமே பிரைட்டனின் கடைக்குப் போய் நின்றார். பழைய கடற்கரைச் சாலைப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பிரைட்டன் பரதவர் வீட்டுப் பையன். அப்பா தோணியில் போனவர், அண்ணன் கப்பலில் போகிறவன், இவன் ஒருவன்தான் கரையில் உட்கார்ந்திருக்கிறான். பழைய உறுப்புகளை வைத்து ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தான். கொடுக்கும்போது வாய் சும்மா இருக்காமல் ஒன்று சொன்னான். "யக்கா, இந்த ப்ராசசர் பேரு கடைசில ‘கே’ன்னு ஒரு எழுத்து இருக்கு பாத்தியளா? இதோட வேகத்த நம்மளே கூட்டிக்கிடலாம். ஆனா கூட்டிராதிய." கூட்டிராதிய என்ற சொல்லை சுந்தரி காதில் வாங்கினாரா என்பது இன்றுவரை சந்தேகம்தான்.

ஏரலில் வாழை போட்டிருக்கும் அண்ணன் இசக்கியப்பன் மாதம் ஒரு தடவை தாரோடு வருவார். மேசையில் இருக்கும் திருகுகோலைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். ஒருமுறை நான் இருக்கும்போதே கேட்டார். "இந்த வயசுல இது ஒனக்கு எதுக்குளா? நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"பன்னெண்டாங் கிளாஸ்ல கணக்குல அத்தன மார்க்கு வாங்கிட்டு வந்து, பாலிடெக்னிக்ல சேரப் போறேன்னேன். அப்பவும் இதத்தான் கேட்டிய, நாலு பேரு என்ன சொல்லுவான்னு. அந்த நாலு பேரையும் நான் இன்னும் பாக்கல. பாத்தா நீங்களே கூட்டிட்டு வாங்க. காப்பி போட்டுத் தாரேன்."

இசக்கியப்பன் தாரை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். சுந்தரி காப்பி போட்டு, வெளியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

தனியாக ஓட்டிப் பழகியவர் போன வருடம் ஒரு குழுவில் சேர்ந்தார். தெற்கு வானம் என்று பெயர். தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் ஞாயிறுகளில் இணையத்தின் வழியே ஒரே வானத்தில் சேர்ந்து பறப்பார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பது போல ஒருவர் உட்கார்ந்து, இறங்கு, ஏறு, காத்திரு என்று எல்லாருக்கும் உத்தரவு கொடுப்பார். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். சுந்தரி அந்த வாசகங்களை ஏரல் உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லாமல் சொல்வார். குழுவை நடத்துகிற செந்தில்முருகன் சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர். மரியாதை தெரிந்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

மதுரையில் இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வம்பு வந்தது. சுற்றிலும் விமானங்கள் கூடக்கூட, சுந்தரியின் கம்ப்யூட்டர் திணறியது. சீராக ஓட வேண்டிய காட்சி, திக்குவாய்க்காரன் பேச்சைப் போல நின்று நின்று வந்தது. ஒரு படத்தில் ஓடுபாதை முன்னால் இருந்தது. அடுத்த படம் வருவதற்குள் விமானம் ஓடுபாதையைத் தாண்டி, நிறுத்தி வைத்திருந்த இன்னொருவரின் விமானத்துக்குள் போய் நின்றது. குழுவில் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. அன்று மாலை செந்தில்முருகன் போன் செய்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லா ஓட்டுறீங்க. உங்க சிஸ்டம்தான் தாங்கல. அடுத்த ஃப்ளைட்டுக்கு நீங்க பார்வையாளரா வாங்க. நேரலை போடுறோம், பாருங்க, கமெண்ட் போடுங்க."

"அடுத்த ஃப்ளைட்டு எங்க தம்பி?"

"சென்னை டு தூத்துக்குடிக்கா."

சுந்தரி போனை வைத்தார். செந்தூர்வேலிடம் ஒரேயொரு வாக்கியம் சொன்னாராம். "எங்க ஊர்ல எல்லாவனும் வந்து எறங்குவான், நான் கையக் கட்டிட்டு வேடிக்க பாக்கணுமோ?"

பிரைட்டன் எளிய வழி ஒன்று சொன்னான். காட்சியின் தரத்தைக் குறைத்துவிட்டால் கம்ப்யூட்டருக்குச் சுமை குறையும். "மேகத்தக் கொறச்சிரலாம். கட்டடங்களக் கொறச்சிரலாம். தண்ணில அலை வேண்டாம். அப்புறம் வெண்ணெ மாதிரி ஓடும்க்கா."

"மேகத்தக் கொறைக்க மாட்டேன். ஏல, மேகம் இல்லாம எறக்குததுக்குப் பேரு எறக்குததா? வீட்டக் கொறச்சா எங்க வீடும்லா போயிரும்?"

"அப்ப வேற கம்ப்யூட்டர் பாருங்க."

"இது எவ்வளவு ஓடும்னு இன்னும் இதுகிட்ட யாருமே கேக்கலியே. கேட்டுப் பாப்போம்."

இப்படித்தான் அந்த ‘கே’ எழுத்துக்கு வேலை வந்தது. சிமுலேட்டர் ஒரு விசித்திரமான முதலாளி. ப்ராசசருக்குள் நான்கு பேர் வேலைக்கு இருந்தாலும் முக்கியமான பாரத்தை ஒருவன் தலையில்தான் ஏற்றும். அந்த ஒருவன் வேகமாக ஓடினால்தான் காட்சி சீராகும். கம்ப்யூட்டரை முடுக்கியவுடன் டெலிட் கீயைத் தட்டினால் ஒரு பழைய காலத்துத் திரை வருகிறது. அங்கே வேகத்தைப் பெருக்கும் எண்ணைக் கூட்டலாம். அதற்கு ஈடாக மின்சாரத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொடுக்க வேண்டும். மின்சாரம் கூடினால் தெம்பு வரும், தெம்போடு சூடும் வரும். சூடு எல்லை தாண்டினால் கம்ப்யூட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அதையும் மீறிப் பிடிவாதம் பிடித்தால் ப்ராசசரே போகலாம். இதையெல்லாம் பிரைட்டன் பொறுமையாகச் சொல்லி, ஒவ்வொரு படியாகத்தான் ஏற்ற வேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனான்.

அவன் தெருமுனையைத் தாண்டும் முன் சுந்தரி நாலைந்து படிகளை ஒரே தாவலாகத் தாவிவிட்டார். திரை கறுத்தது. விசிறி மட்டும் சுற்றியது. கூப்பிட்டதும் திரும்பி வந்த பிரைட்டன் தலையில் கை வைத்தான். "மாதாவே! சொல்லிட்டு இப்பதானக்கா போறேன்?" பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த காசு போன்ற பேட்டரியைக் கழற்றி, சற்று வைத்திருந்து மாட்டினான். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்து பிழைத்துக்கொண்டது.

அடுத்த முறை ஒவ்வொரு படியாகப் போனார்கள். ஒரு படி ஏற்றுவது, கடும் சுமை கொடுத்து ஓடவிட்டுப் பார்ப்பது, நின்றால் மின்சாரத்தை ஒரு துளி கூட்டுவது. மில்லில் ஆள் இல்லாத நேரமெல்லாம் இதுதான் வேலை. வேகம் கூடக்கூட விசிறியின் இரைச்சலும் கூடியது. ஒருநாள் விசிறி முழுவேகம் எடுத்ததும் பெட்டிக்குள்ளிருந்து செக்கச்செவேல் என்று ஒரு புகை கிளம்பியது. எரிந்துவிட்டது என்று நினைத்து பிரைட்டன் பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தான். பாதியிலேயே நின்று தும்மினான். அடுத்து சுந்தரி தும்மினார். கட்டிலில் கிடந்த செந்தூர்வேல் தும்மினார். வருடக்கணக்கில் உள்ளே இறங்கியிருந்த மிளகாய்த்தூள் அது. பெட்டியைக் கழற்றினால், ப்ராசசரின் சூட்டை வாங்கி வெளியே விட வேண்டிய அலுமினியத் தகடுகளுக்கு இடையில் அரிசி மாவும் கோதுமை மாவும் உப்புக்காற்றின் ஈரத்தில் இறுகிப்போய்க் கிடந்தன.

"இத இட்லிச் சட்டில வச்சா வெந்துரும் போலிருக்கே," என்றான் பிரைட்டன்.

"பேசாம சொரண்டுல."

பழைய தகடு போய், செம்புக் குழாய்கள் வைத்த பெரிய குளிர்விப்பான் வந்தது. ப்ராசசருக்கும் அதற்கும் நடுவில் தடவும் பசையை சுந்தரியே தடவினார். மறுபடியும் படியேற்றம். காலையில் எல்லாம் சரியாக ஓடியது. வெயில் ஏறியதும் நின்றது. தூத்துக்குடியின் மத்தியான வெக்கையில் எந்த விசிறியும் சூடான காற்றைத்தானே ஊதும்? வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றுதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வெயில் ஆகாது என்பதற்காக செந்தூர்வேலின் படுக்கையறைக்கு ஏசி வாங்கிப் போட்டிருந்தார்கள்.

"என் ஏசி எனக்கா, அதுக்கா?" என்று அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பேருக்கும்தான். ஒங்களுக்கும் நெஞ்சுல வேல செஞ்சிருக்கு, அதுக்கும் செஞ்சிருக்கு. பக்கத்துப் பக்கத்துல கெடங்க."

செந்தூர்வேல் சுவர்ப் பக்கமாக நகர்ந்து படுத்தார். அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

குழுவின் தூத்துக்குடிப் பயணம் ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில். மத்தியானம் நானும் போயிருந்தேன். மில்லைப் பூட்டிவிட்டுத் தலைகுளித்து, கணவரின் சட்டையை மேலே மாட்டாமல் நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தார் சுந்தரி. குழுவின் வரிசையில் அவருக்கு இடம் இல்லை. ஆனால் அந்த இணைய வானம் பொதுவானது. பயணத் திட்டத்தைப் பதிவு செய்துவிட்டு எவரும் வரலாம். "வானம் என்ன அவங்க வீட்டு மொட்டமாடியா?" என்று சொல்லிவிட்டு, இரட்டைக் காற்றாடி விமானத்தைச் சென்னையில் எழுப்பினார். குழுவின் விமானங்கள் முன்னே போக, கடைசி விமானத்துக்குப் பின்னால் அழைக்கப்படாத ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்.

அன்று கட்டுப்பாட்டில் இருந்தது ஜெபசெல்வி. நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கும் பெண். சுந்தரியின் குரல் கேட்டதும் ஒரு நொடி தயங்கிவிட்டு, மற்றவர்களுக்குக் கொடுத்தது போலவே அவருக்கும் உயரமும் திசையும் கொடுத்தார். குழுவின் அரட்டைப் பக்கத்தில் யாரோ கேள்விக்குறி போட்டார்கள். பிரைட்டன் அதைப் படித்துக் காட்டினான். சுந்தரி திரும்பவில்லை.

மேல்காற்று பலமாக இருந்ததால் கடல் பக்கமிருந்து மேற்கே பார்த்து இறங்க வேண்டும். தருவைகுளத்துக்குக் கிழக்கே கடலுக்கு மேல் போய்த் திரும்பினார். திரையில் துறைமுகத்தின் நீண்ட அலைதடுப்புச் சுவர், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், பிறகு வெள்ளைச் சதுரங்களாக உப்பளங்கள். காட்சி திக்கவில்லை. தண்ணீரின் அலைகூட ஒழுங்காக அசைந்தது. "தண்ணித் தொட்டி தெரியுது பாருங்க, அதுக்குக் கீழ நம்ம மில்லு," என்று விரலை நீட்டாமலே சொன்னார். செந்தூர்வேல் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

ஓடுபாதை தெரிந்த நேரத்தில் ஜெபசெல்வியின் உத்தரவு வந்தது. முன்னால் இறங்கிய விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லை. இறங்காதே, மேலே ஏறிச் சுற்றிவிட்டு வா. சுந்தரி முனகாமல் ஏற்றினார். கடல்வரை போய் மறுபடியும் திரும்பினார். அப்போதுதான் தெருவுக்கே மின்சாரம் போனது.

இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடியது, மின்விசிறி ஓடியது. ஏசி நின்றுவிட்டது. எண்பதைத் தாண்டாமல் இருந்த வெப்பநிலை ஏறத் தொடங்கியது. பிரைட்டன் எண்ணை வாய்விட்டுச் சொன்னான். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டு, "யக்கா, மேகத்தயாவது கொறச்சிருவோம். ஒரு நிமிசம் போதும்," என்றான்.

"தொடாத."

செந்தூர்வேல் எழுந்தார். யாரும் சொல்லவில்லை. சன்னல்களைத் திறந்தார். வெளியே இருந்து வந்தது தேரியின், அந்தச் செம்மணல் மேடுகளின் அனல். மறுபடி மூடினார். கட்டில்மேல் கிடந்த துண்டை எடுத்து, பெட்டியின் திறந்த பக்கத்துக்கு நேராக நின்று வீச ஆரம்பித்தார். நெஞ்சில் கத்தி பட்ட மனிதர், மூச்சு வாங்கியது. பிரைட்டன் துண்டைப் பிடுங்கித் தான் வீசினான். துறைமுகம் கடந்தது. உப்பளம் கடந்தது. தண்ணீர்த் தொட்டி கடந்தது. ஓடுபாதையின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. சக்கரங்களை இறக்கினார்.

திரை அணைந்தது.

கறுத்த கண்ணாடியில் சுந்தரியின் முகம் மட்டும் தெரிந்தது. கை இன்னும் திருகுகோலைப் பிடித்திருந்தது. மேசைமேல் இருந்த போன் அடித்தது. பிரைட்டன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அக்கா, சிஸ்டம் போயிடுச்சா?" செந்தில்முருகனின் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்லக்கா. இதுக்குத்தான் நான் அன்னைக்கே சொன்னேன். எல்லாரும் இறங்கிட்டாங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"சரி தம்பி," என்றார் சுந்தரி. அவ்வளவுதான்.

முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். வியர்வைதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். உற்றுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மின்சாரம் வந்தது. ஏசி உறுமியது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "சுடுது. ஆனா சாகல," என்றார்.

"ஒரு படி கொறச்சி வைங்கக்கா," என்றான் பிரைட்டன்.

"கொறைக்கேன். ஒரு படிதான்."

"பிளேன வானத்துலயே நேரா கொண்டு வச்சிரலாம் பாத்துக்கிடுங்க. சிமுலேட்டர்ல அதுக்கு வசதி இருக்கு. தருவைகுளத்துக்கு மேல இருந்து ஆரம்பிச்சி..."

சுந்தரி அவனை முறைத்தார். "நான் மெட்ராஸ்ல இருந்துலா வாரேன்? மெட்ராஸ்ல இருந்துதான் வருவேன்."

மறுபடியும் சென்னை. மறுபடியும் அதே வாசகங்கள். குழுவில் எல்லாரும் விடைபெற்று விலகிக்கொண்டிருந்தார்கள். ஜெபசெல்வியும் தன் பணி முடிந்தது என்று அறிவித்துவிட்டார். அணைப்பதற்குள் சுந்தரியின் அழைப்பு போயிருக்கிறது: தூத்துக்குடிக்கு வருகிறேன். பிறகு ஆங்கிலத்தில் உயரமும் திசையும் வந்தன. அதற்குப் பின்னால் விதிக்குப் புறம்பாகத் தமிழில் ஒரு வரி. "நீங்க எறங்குத வர நான் இருக்கேன்க்கா."

பயணம் முழுக்க செந்தூர்வேல் படுக்கவில்லை, கட்டில் நுனியில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். பிரைட்டன் தேநீர் வாங்கி வந்தான், சுந்தரி தொடவில்லை. கடலுக்கு மேல் திரும்பியபோது திரையில் சூரியன் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது. சன்னல் கண்ணாடியிலும் அதே சிவப்பு. உப்பளப் பாத்திகள் ஒவ்வொன்றும் பற்றி எரிவது போல மினுங்கின. மேகம் ஒன்று குறுக்கே வந்தது. குறைக்கப்படாத, கொழுத்த மேகம். திரை வெளுத்து ஒன்றும் தெரியாமல் போனது. பிரைட்டன் எண்ணைப் பார்த்து உதட்டைக் கடித்தான். மேகம் விலகியபோது விளக்குகள் நேராக எதிரே இருந்தன.

சக்கரம் பட்டது. ஒருமுறை துள்ளியது. மறுபடி பட்டது. இரைந்து, தளர்ந்து, நடுக்கோட்டில் நின்றது.

"தரையில பட்டுட்டுளா," என்றார் செந்தூர்வேல், மிகவும் மெதுவாக.

காதில் ஜெபசெல்வி வழக்கமான வாசகத்தைச் சொல்லி, நிறுத்துமிடம் கொடுத்தார். சுந்தரி அதைத் திருப்பிச் சொன்னபோது முதல்முறையாக ஒரு சொல் தடுமாறியது. திருத்திச் சொன்னார். விமானத்தை நிறுத்தி, என்ஜின்களை ஒவ்வொன்றாக அணைத்து, ஹெட்போனைக் கழற்றினார். ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். "சீனி கொறச்சல்," என்றார்.

இரண்டொரு நாள் கழித்து மல்லி அரைக்கப் போயிருந்தேன். மில்லில் கூட்டம். சாக்குகளுக்கு நடுவே நின்று சுந்தரி அளந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. கை முழுக்க மாவு என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். செந்தில்முருகன்.

"அக்கா, ஜெபசெல்வி எல்லாம் சொன்னாங்க. தனியா திரும்ப வந்து இறக்கினீங்களாமே, பிரமாதம். குழுவுல எல்லாரும் உங்களப் பத்திதான் பேசுறாங்க. ஒரு யோசனைக்கா. நம்ம நேரலைக்குத் தமிழ்ல வர்ணனை சொல்ல ஆள் இல்ல. உங்க பேச்சு அவ்வளவு நல்லா இருக்கு. இனிமே ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் நீங்கதான் வர்ணனையாளர். எல்லாரும் ஓட்டுவாங்க, நீங்க பாத்துச் சொல்லுவீங்க. இதுக்கு சிஸ்டம்கூடப் பெருசா வேண்டாம்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருவர், "ஏளா, டிவில வருவியோ?" என்றார். சுந்தரி படியில் இருந்த அரிசியைத் தலை தட்டி மட்டம் செய்தார்.

"தம்பி, நல்ல மனசோட சொல்லுதிய. ஆனா என் பேர ஓட்டுதவங்களோட போடுங்க."

"இல்லக்கா, நான் என்ன சொல்ல வரேன்னா, போன தடவ மாதிரி நடுவானத்துல திரும்பவும் உங்க சிஸ்டம்..."

சுந்தரி போனை அரிசிச் சாக்கின் மேல் முகம் மேலே இருக்கும்படி வைத்தார். அணைக்கவில்லை. சுவரோரம் போய், மில்லின் ஸ்விட்ச் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினார். பெல்ட் இழுத்தது, கல் சுழன்றது, தகரக் கூரை அதிர்ந்தது. சாக்கின் மேல் போனின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அதில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்.